சக்கரத்தின் மேல் குடித்தனம்: பெங்களூரிலிருந்து கேம்பர் ட்ரெய்லரில் முழுநேரம் வாழப் புறப்படுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சிறு வீடான கேம்பர் ட்ரெய்லரில் குடியிருக்கிறோம் என்று சொன்னால், "காருக்குப் பின்னால் இவ்வளவு பெரிய பெட்டியை எப்படி இழுத்துப் போகிறீர்கள்?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். இழுப்பது பதினைந்து நாளில் கைக்குப் பழகிவிடும். ஆனால், இன்றிரவு எங்கே நிறுத்துவது என்ற கேள்வி, ராமமூர்த்தி நகரில் வாடகை வீட்டைக் காலி செய்து மூன்றாண்டுகள் ஆன பிறகும், நாள் தவறாமல் பிற்பகல் மூன்று மணிக்கு எனக்கும் என் மனைவிக்கும் இடையே எழுந்துவிடுகிறது. மேலைநாடுகளில் கேம்பருக்கென்றே மின்இணைப்பும் தண்ணீரும் கழிவுநீர்த் துளையும் உள்ள தங்குதளங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. நம் நாட்டில் அவை விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் உள்ளன. ஆகவே வண்டியின் நீளம், தொட்டியின் கொள்ளளவு, கழிப்பறையின் வகை ஆகிய அனைத்தையும் "நிறுத்துமிடத்தில் எதுவும் கிடைக்காது" என்ற கணக்கிலேயே முடிவுசெய்ய வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்தக் கணக்கின் மேல்தான் எழுதப்பட்டிருக்கிறது.

வாங்குவதற்கு முன் ஒரு மாத ஒத்திகை

முதற்படி வண்டி பார்ப்பது அன்று. இப்போது இருக்கும் வீட்டிலேயே ஒரு மாதம் ஒரே ஓர் அறையில், ஒரே ஓர் அடுப்பில், நாளொன்றுக்கு இரண்டு வாளித் தண்ணீரில் இருவரும் வாழ்ந்து பாருங்கள். குழாயைத் திறக்காமல், வாளியில் பிடித்த தண்ணீரை மட்டும் அளந்து செலவழிக்க வேண்டும். எங்கள் வீட்டில் மூன்றாம் நாளே தெரிந்த உண்மை, குளியலைவிடப் பாத்திரம் கழுவுவதற்குத்தான் தண்ணீர் அதிகம் போகிறது என்பது. பிறகு ஒரு கேம்பரை வாடகைக்கு எடுத்து, குறைந்தது ஏழு இரவுகள், அதில் இரண்டு இரவுகளாவது மழையில், தங்கிப் பாருங்கள். வெயில் நாளில் எந்த வண்டியும் அரண்மனையாகத்தான் தெரியும்.

இருவரில் ஒருவருக்கு அரைமனது என்றாலும் இந்தக் கட்டத்திலேயே நின்றுவிடுவது நல்லது. பள்ளி செல்லும் பிள்ளைகளும் அடிக்கடி மருத்துவமனைக்குப் போக வேண்டிய பெற்றோரும் உள்ள குடும்பத்துக்கு முழுநேர வாழ்க்கையை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆண்டுக்கு மூன்று மாதம் போதும்.

பணத்தைப் பொறுத்தவரை பெங்களூர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கட்டும் பழக்கம் இந்நகரில் நெடுநாளாக இருப்பதால், வீட்டைக் காலி செய்யும்போது ஒரு பெருந்தொகை ஒரே தவணையில் கைக்கு வரும். வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். அதைக் கழித்தே கணக்குப் போடுங்கள்.

ட்ரெய்லரா, வேனா

வேனில் வீடும் எஞ்சினும் ஒன்று. ட்ரெய்லரில் வீட்டை ஓரிடத்தில் விட்டுவிட்டு, காரை மட்டும் கழற்றிக்கொண்டு சந்தைக்கோ மருத்துவரிடமோ போகலாம். கார் பழுதானால் வீடு ஒர்க்‌ஷாப்பில் மாட்டிக்கொள்ளாது. ஒரே ஊரில் பத்து, இருபது நாள் தங்கி வேலை பார்ப்பவருக்கு ட்ரெய்லர் ஏற்றது. தினமும் இடம் மாறுபவருக்கும், மலைப்பாதையே குறிக்கோளாகக் கொண்டவருக்கும் வேன்தான் சரி. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ வால்பாறையின் 40 வளைவுகளிலோ ட்ரெய்லரை இழுத்துச் செல்ல நினைப்பவர், எதிரே அரசுப் பேருந்து வரும்போது பின்னோக்கி எடுக்க வேண்டியிருக்கும் என்பதை ஒருமுறை கற்பனை செய்து பார்க்க வேண்டும். நாங்கள் அத்தகைய மலைகளுக்குப் போகும்போது ட்ரெய்லரை அடிவாரத்தில், தெரிந்தவர் தோப்பிலோ கல்யாண மண்டபத்தின் வளாகத்திலோ விட்டுவிட்டுப் போகிறோம்.

நீளத்தில் ஆசையை அடக்குங்கள். இருவருக்குக் கொக்கி உட்பட 16 அடி போதும். உயரத்தை அதைவிடக் கவனமாகப் பாருங்கள். நம் ஊர்களில் ரயில்வே கீழ்ப்பாலங்களும் தெருவுக்குக் குறுக்கே தொய்ந்து தொங்கும் கேபிள்களும் எந்த விதிக்கும் கட்டுப்பட்டவை அல்ல. முதல் பயணத்திலேயே ஒரு கிராமத் தெருவில் அப்படியொரு கேபிள் எங்கள் கூரைக் காற்றுப்போக்கியின் மூடியைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. அன்றிரவு மழையும் பெய்தது. ட்ரெய்லரின் மொத்த உயரத்தை ஸ்டியரிங்குக்கு எதிரே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருப்பது அதற்குப் பிறகுதான்.

எடை: கையை விட்டு நழுவும் முதல் விஷயம்

பெங்களூரின் தொழிற்பேட்டைகளான பீன்யாவிலும் பொம்மசந்திராவிலும் ஃபைபர் உடல் வார்ப்பவர்களும் இரும்புச் சட்டம் அடிப்பவர்களும் இருக்கிறார்கள். யாரிடம் செய்தாலும், அவர் வாயால் சொல்லும் எடையை நம்பாமல், வண்டியை எடுக்கும் நாளிலேயே அருகிலுள்ள எடைமேடையில் ஏற்றிச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்குச் செய்து தந்தவர் காலி எடை 850 கிலோ என்றார். எடைமேடைச் சீட்டு 1,040 என்றது. தொட்டியில் தண்ணீர், சிலிண்டர், பாட்டரி, அரிசி, துணி, புத்தகம் எல்லாம் ஏறிய பிறகு அது 1,310 ஆனது. நூறு லிட்டர் தண்ணீர் என்பது நூறு கிலோ என்பதை யாரும் வாங்கும்போது நினைப்பதில்லை.

புதிதாக இழுப்பவர்கள், முழுச் சுமையுடன் உள்ள ட்ரெய்லரின் எடை காரின் எடையில் 85 விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது கேரவன் பழக்கமுள்ள நாடுகளில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு. 750 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரெய்லருக்குத் தனியே பிரேக் இல்லாமல் சாலையில் இறங்கவே கூடாது. இழுக்கும் வண்டி வேகம் குறையும்போது ட்ரெய்லர் முன்னோக்கித் தள்ளும் அழுத்தத்திலேயே இயங்கும் பிரேக் ஒரு வகை. காருக்குள் இருந்து மின்சாரத்தால் இயக்கும் பிரேக் மற்றொரு வகை. இரண்டில் எதுவானாலும், கொக்கி கழன்றுவிட்டால் தானே பிரேக் பிடிக்கச் செய்யும் மெல்லிய கம்பி ஒன்று காருடன் இணைந்திருக்க வேண்டும். பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் கொக்கிக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். கொக்கி நழுவினாலும் முன்முனை தரையில் குத்தாமல் அந்தக் குறுக்குச் சங்கிலி தாங்கிக்கொள்ளும்.

அடுத்தது, கொக்கியின் மேல் அழுந்தும் பாரம். ட்ரெய்லரின் மொத்த எடையில் 5 முதல் 7 விழுக்காடு என்று ஐரோப்பியக் கையேடுகளும், 10 முதல் 15 விழுக்காடு என்று அமெரிக்கக் கையேடுகளும் சொல்கின்றன. உங்கள் காரின் கொக்கி தாங்கக்கூடிய அளவுக்குள், அந்த எல்லைக்குள் கூடுதலாக எவ்வளவு முடியுமோ அவ்வளவு வைத்துக்கொள்வது நல்லது. இந்தப் பாரம் குறைந்தால், அதாவது பின்பக்கம் கனத்தால், வேகம் கூடும்போது ட்ரெய்லர் நாயின் வால்போல் ஆடத் தொடங்கும். அளப்பதற்குப் பெரிய கருவி ஏதும் தேவையில்லை. சமதளத்தில் நிறுத்தி, வீட்டில் உடல் எடை பார்க்கும் தராசின் மேல் ஒரு மரக்கட்டையைச் செங்குத்தாக நிறுத்தி, கொக்கி முனையை அதன்மேல் இறக்கினால் எண் தெரிந்துவிடும். கனமான சாமான்களை அச்சுக்கு நேர்மேலே, தரைமட்டத்தில் வையுங்கள். பின்புற அலமாரியில் துணிமணி, தலையணை தவிர எதுவும் கூடாது.

பதிவும் காகிதங்களும்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி ட்ரெய்லரும் பதிவுசெய்யப்பட வேண்டிய வாகனமே. அச்சட்டத்தின் 61ஆம் பிரிவு, ட்ரெய்லருக்கு வழங்கப்பட்ட எண்ணை அதன் பக்கவாட்டிலும், இழுக்கும் வண்டியின் எண்ணைப் பின்புறத்திலும் காட்டச் சொல்கிறது. சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேனும் ட்ரெய்லரும் போக்குவரத்து அல்லாத வாகனங்களின் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. ஆகவே செய்து தருபவரிடம் ஒப்பந்தம் போடும்போதே, அவரிடம் வகை ஒப்புதல் (அரசு ஏற்ற சோதனை மையம் அந்த வடிவத்துக்குத் தரும் சான்று) பெற்ற வடிவம் இருக்கிறதா, பதிவு முடித்துத் தருவாரா என்பதை எழுத்தில் வாங்குங்கள். இந்தக் காகிதம் இல்லாத வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

வேன் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய பிரிவு 52. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றியமைப்பதை அது தடுக்கிறது. சரக்கு வேனை வாங்கி உள்ளே கட்டிலும் அடுப்பும் பொருத்திவிட்டுப் பதிவில் சரக்கு வேனாகவே ஓட்டினால், தீ விபத்து நேரும் நாளில் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும். மோட்டார் கேரவன்களுக்கென்றே ஏஐஎஸ்-124 என்ற தரநிலை இருக்கிறது. அதன்படி ஒப்புதல் பெற்றவரிடம் செல்வதே முறை. ட்ரெய்லர் வைத்திருப்பவர்களும் காரின் காப்பீட்டில் கொக்கி பொருத்தியதைத் தெரிவித்து, ட்ரெய்லரைத் தனியே குறிப்பிடச் செய்து, கூடுதல் கட்டணம் செலுத்திவிட வேண்டும்.

தமிழ்நாட்டுப் பதிவெண்ணுடன் பெங்களூரில் வாழும் நம்மவர்களுக்கு அடுத்த விஷயம் புதிதன்று. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை மற்றொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய எண் பெற வேண்டும் என்கிறது 47ஆம் பிரிவு. ஊர் ஊராக நகரும் வண்டிக்கு இது பொருந்தாது என்று வாயால் வாதிட்டுப் பயனில்லை; மாநில எல்லையைக் கடந்த தேதி தெரியும் ஃபாஸ்டேக் கணக்கறிக்கையைப் பதிவிறக்கி வைத்திருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும். மாநிலம் மாறினாலும் மறுபதிவு தேவைப்படாத, 2021இல் தொடங்கிய பிஹெச் (பாரத்) வரிசை எண், அரசு ஊழியர்களுக்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களுக்கும் கிடைக்கும். நீங்கள் அதற்குத் தகுதியானவரானால் இழுக்கும் காரை அந்த வரிசையில் எடுப்பது புத்திசாலித்தனம். தேசிய நெடுஞ்சாலைகளில் அதிகம் செல்லும் தனியார் கார், ஜீப், வேன்களுக்கு 2025 ஆகஸ்ட் 15 முதல் ஃபாஸ்டேக் ஆண்டுச் சலுகை (பாஸ்) வந்திருக்கிறது; அறிமுகமானபோது அதன் கட்டணம் 3,000 ரூபாய். ஓராண்டு அல்லது 200 சுங்கச்சாவடிக் கடப்புகள், எது முதலில் வருகிறதோ அதுவரை செல்லும்.

மின்சாரம்

பெங்களூரின் மின்னணுப் பொருள் சந்தையான எஸ்.பி. ரோட்டில் ஒரு நாள் முழுவதும் அலைந்தால் பாட்டரி, சோலார் கன்ட்ரோலர், கேபிள், ஃபியூஸ் எல்லாம் கிடைத்துவிடும். ஆனால் கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் கணக்குப் போட்டுவிட்டுப் போக வேண்டும். இல்லையென்றால் கடைக்காரர் உங்களுக்காகப் போட்டுவிடுவார்.

எங்கள் ஒருநாள் கணக்கு இது: 12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் சுமார் 500 வாட்-மணி, எட்டு மணிநேரம் மடிக்கணினி 400, பத்து மணிநேரம் பிஎல்டிசி மின்விசிறி (குறைந்த மின்சாரத்தில் ஓடும் வகை) 300, இணைய ரௌட்டரும் கைப்பேசிகளும் 130, விளக்கும் தண்ணீர் மோட்டாரும் 70. ஆக 1,400. கூரையில் படுக்கை வாட்டில் பொருத்திய 400 வாட் சோலார் தகடு, நல்ல வெயிலில் நாலரை மணிநேர முழு வெளிச்சத்துக்குச் சமமாக உழைத்து, இழப்புகள் போக ஏறத்தாழ 1,350 தரும். 12.8 வோல்ட், 200 ஆம்பியர்-மணி கொண்ட லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரியில் 2,560 வாட்-மணி அடங்கும். அதில் பத்தில் எட்டுப் பங்கை எடுத்தால் வெயிலே இல்லாமல் ஒன்றரை நாள் ஓடும். அதற்குள் காரை ஓட்டினால், காரின் ஆல்டர்னேட்டரிலிருந்து முறையாக மின்னேற்றும் டிசி-டிசி சார்ஜர் வழியே மறுபடி நிரம்பிவிடும். ஏசி வேண்டும் என்பவர்கள் இந்தக் கணக்கை மூன்றால் பெருக்கிக்கொள்ளட்டும். ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூரில் பழகிய உடம்புக்கு, ஏப்ரலில் சமவெளியை விட்டு மலைக்கு நகர்ந்துவிடுவதே மலிவான ஏசி.

லித்தியம் பாட்டரி வாங்கினால் இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, 0 டிகிரிக்குக் கீழே அதற்கு மின்னேற்றக் கூடாது. ஸ்பிதி, லடாக் போகிறவர்கள் பாட்டரியைக் கட்டிலுக்கு அடியில், அறையின் வெப்பத்துக்குள் வைக்க வேண்டும். இரண்டாவது, 12 வோல்ட்டில் 2,000 வாட் இன்வர்ட்டரை ஓட்டினால் 165 ஆம்பியருக்கு மேல் பாயும். வீட்டு ஒயரை இரண்டு மடங்காக முறுக்கிப் போடும் வேலையெல்லாம் இங்கே செல்லாது. உரிய தடிமனுள்ள கேபிளும், பாட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸும் இல்லாத கேம்பரில் நான் ஓர் இரவுகூடத் தூங்க மாட்டேன்.

தண்ணீர், அதைவிடக் கழிப்பறை

இருவருக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர் எங்கள் செலவு: குடிக்கவும் சமைக்கவும் 8, பாத்திரத்துக்கு 10, குளிக்க ஆளுக்கு 10, மீதி கைகால் கழுவ. 120 லிட்டர் தொட்டி இரண்டரை நாள் தாங்கும். குழம்பும் எண்ணெயும் ஒட்டிய பாத்திரத்தைப் பழைய செய்தித்தாளால் துடைத்துவிட்டுக் கழுவினாலே பாதித் தண்ணீர் மிச்சம். கர்நாடகக் கிராமங்கள் பலவற்றில் நாணயம் போட்டால் 20 லிட்டர் கேன் நிரம்பும் குடிநீர் நிலையங்கள் இருக்கின்றன. குடிநீருக்கு அவற்றை நம்பலாம். தொட்டிக்குப் பெட்ரோல் பங்க், கோயில், பம்ப்செட் எது கிடைத்தாலும் சரி, ஆனால் குழாயில் ஒரு துணி வடிகட்டியைக் கட்டாமல் பிடிக்காதீர்கள். மணல் ஒருமுறை மோட்டாருக்குள் போனால் மோட்டார் போயிற்று.

கழிப்பறை விஷயத்தில் வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து வாங்குவோர் ஏமாறுவது உறுதி. அவர்கள் காகிதம் பயன்படுத்துகிறார்கள். நாம் தண்ணீர் பயன்படுத்துகிறோம். கழற்றி எடுத்துச் சென்று கொட்டும் கேசட் வகையில் 20 லிட்டர் பெட்டி அவர்களுக்கு நான்கு நாள் வரும்; நமக்கு இரண்டே நாளில் நிரம்பிவிடும். உலர் கழிப்பறை இன்னும் சிக்கல். சிறுநீரைத் தனியே பிரித்து, மலத்தைத் தென்னை நார்க்கழிவுத் தூளில் புதைத்து உலர வைப்பது அதன் உத்தி. அதில் கழுவும் தண்ணீர் விழுந்தால் உலர்வதற்குப் பதில் நாறத் தொடங்கும். நாங்கள் கண்ட தீர்வு, உலர் பெட்டியை வைத்துக்கொண்டு, கழுவுவதை மட்டும் பக்கத்தில் உள்ள குளியல் தொட்டியில், கைப்பம்பால் செய்வது. பொள்ளாச்சிப் பக்கம் செங்கல் வடிவில் அழுத்தி விற்கும் நார்த்தூள் கட்டி ஒன்று எங்களுக்கு ஒரு மாதத்துக்கு மேல் வருகிறது.

கேசட்டை எங்கே கொட்டுவது? பாதாளச் சாக்கடையோ செப்டிக் டேங்கோ இணைந்த கழிப்பறையில் மட்டும், கேட்டு அனுமதி வாங்கி, கொட்டிய பிறகு அந்த இடத்தைக் கழுவிவிட்டு வர வேண்டும். ஓடை, வயல், மழைநீர் வாய்க்கால் எதிலும் கூடாது. இதை ஒருவர் மீறினால், அடுத்து வரும் எல்லாக் கேம்பர்களுக்கும் அந்த ஊரில் இடம் மூடிவிடும்.

அடுப்படி

முகவரிச் சான்று இல்லாமலே வாங்கக்கூடிய 5 கிலோ எரிவாயு சிலிண்டர், குறிப்பிட்ட பெட்ரோல் பங்குகளிலும் கடைகளிலும் கிடைக்கிறது. நடமாடும் குடித்தனத்துக்கு அதுதான் ஏற்றது. எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே சிலிண்டர் இருக்கும் அறைக்குக் கதவு வெளிப்பக்கம் மட்டும் திறக்க வேண்டும், அதன் அடித்தளத்தில் காற்றுத் துளை இருக்க வேண்டும். கசிவு அறிவிப்பானைத் தரையை ஒட்டியும், கார்பன் மோனாக்சைடு அறிவிப்பானைத் தலையணை உயரத்திலும் பொருத்துங்கள். குளிருக்குக் கரி அடுப்பை உள்ளே வைப்பது உயிருக்கு உலை வைப்பதாகும்.

தாளிப்பை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். கடுகு வெடித்து, மிளகாய் நெடி ஏறினால் 16 அடி வீட்டில் ஓடிப்போக இடமில்லை, மெத்தையில் ஏறிய வெங்காய வாசனை ஒரு வாரம் போகாது. இட்லி மாவு விஷயத்தில் என் மனைவி கண்டறிந்த விதி: பயணத்துக்கு முந்தைய இரவு மாவைப் புளிக்க வைக்காதே. பாதி பாத்திரமே நிரப்பியிருந்தும், சார்மாடி மலைப்பாதையில் குலுங்கிய மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியேறி, இழுப்பறைக்குள் இறங்கி, அங்கிருந்த ஆர்.சி. நகலையும் நனைத்துவிட்டது.

இழுத்துச் செல்லப் பழகுதல்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காலியான மைதானத்தில் நான்கு பிளாஸ்டிக் வாளிகளை வைத்துப் பழகுங்கள். பின்னோக்கி எடுக்கும்போது ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடியுங்கள். அந்தக் கையை எந்தப் பக்கம் நகர்த்துகிறீர்களோ, ட்ரெய்லரின் பின்புறம் அந்தப் பக்கமே போகும். மேல்பகுதியைப் பிடித்துக்கொண்டு மனத்துக்குள் இடவலம் மாற்றிக் கணக்குப் போடுபவர்கள்தான் குழம்புகிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். கோணம் மிஞ்சிவிட்டால் முன்னால் எடுத்து நேராக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள். கீழே நின்று வழிகாட்டுபவர் கண்ணாடியில் தெரியும்படி நிற்க வேண்டும். "வா, வா, வா" என்று கத்துபவர்கள் தானாகவே கூடிவிடுவார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள்.

வேகம் மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் எங்களுக்குக் கிடையாது. பெரிய லாரி முந்தும்போது அதன் காற்று முதலில் ட்ரெய்லரை வெளியே தள்ளி, பிறகு லாரியின் பக்கம் இழுக்கும். ஆட்டம் தொடங்கினால் பிரேக்கை மிதிக்கவும் கூடாது, ஸ்டியரிங்கால் எதிர்த்துத் திருப்பவும் கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தால் தானாக அடங்கும். மலையிறக்கத்தில் பழைய லாரி ஓட்டுநர்களின் பாடமே போதும்: ஏறிய கியரிலேயே இறங்கு. தொடர்ந்து பிரேக் மிதித்தால் அது சூடேறி, வேண்டிய வளைவில் பிடிக்காமல் போகும்.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ட்ரெய்லர் டயர் தேய்வதற்கு முன்பே மூப்படைந்து வெடிக்கும், ஆகவே டயரின் பூ (மேற்புறப் பள்ளங்கள்) நன்றாக இருந்தாலும் ஐந்தாறு ஆண்டில் மாற்றிவிடுங்கள். சக்கர பேரிங்குக்கு ஆண்டுக்கொருமுறை கிரீஸ். டீசல் செலவும் ஏறும். லிட்டருக்கு 13 கிலோமீட்டர் தந்த எங்கள் வண்டி ட்ரெய்லருடன் எட்டரைதான் தருகிறது.

இரவு நிறுத்தம்

இனி, தொடக்கத்தில் சொன்ன கேள்விக்கு வருகிறேன். மூன்று மணிக்குத் தேடத் தொடங்கி, ஐந்தரைக்குள் நிறுத்திவிட வேண்டும். இருட்டிய பிறகு தரையின் சரிவு, சேறு, தாழ்ந்த கிளை எதுவும் தெரியாது. ஊர்க்காரர்களுக்கும் இருட்டில் வந்து நிற்கும் பெட்டியின்மேல் சந்தேகம் வருவது இயல்பு.

எங்கள் அனுபவத்தில் வரிசை இப்படி: தெரிந்தவரின் தோட்டம், பிறகு தனியார் ரிசார்ட் அல்லது ஹோம்ஸ்டேயின் வளாகம், பிறகு முகூர்த்தம் இல்லாத நாளில் கல்யாண மண்டபம், பிறகு கழிப்பறையும் காவலாளியும் உள்ள பெரிய பெட்ரோல் பங்க், கடைசியாக லாரிகள் நிற்கும் தாபா. கல்யாண மண்டபத்தைப் பலர் நினைப்பதே இல்லை. அங்கே சமதளம் உண்டு, போர்வெல் உண்டு, வரிசையாகக் கழிப்பறை உண்டு, சுற்றுச்சுவர் உண்டு. ஓர் இரவுக்கு மேலாளருடன் பேசி ஒரு தொகை கொடுத்தால் ஒரு பிளக் பாயிண்டும் கிடைக்கும். ஆனால் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். விடியற்காலை நான்கு மணிக்கு நாதஸ்வரம் தொடங்கும் வளாகத்தில் ஒருமுறை மாட்டிக்கொண்டோம், சிற்றுண்டி மட்டும் நன்றாக இருந்தது.

எங்கும் அனுமதி கேளுங்கள், அதுவும் அந்த ஊர் மொழியில். "அண்ணா, ஒந்து ராத்ரி இல்லி காடி நில்லிஸ்பஹுதா?" (அண்ணா, ஓர் இரவு இங்கே வண்டியை நிறுத்தலாமா?) என்ற ஒரு வரி கர்நாடகத்தில் திறந்துவிட்ட கதவுகள் ஏராளம். யாரும் இல்லாத அழகான ஏரிக்கரையைவிட நான்கு பேர் நடமாடும் இடம் பாதுகாப்பானது. ரோந்து வரும் காவலர் கேட்டால் காட்ட ஆதார், ஓட்டுநர் உரிமம், வண்டிக் காகிதங்கள் கதவருகே ஒரே உறையில் இருக்கட்டும். ட்ரெய்லரின் கொக்கிப் பக்கம் எப்போதும் வெளிவழியை நோக்கி இருக்கும்படி நிறுத்துங்கள். நள்ளிரவில் கிளம்ப நேர்ந்தால் பின்னோக்கி எடுக்க வேண்டியிருக்கக் கூடாது.

காட்டுக்குள் நிறுத்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை. பந்திப்பூர் வழியாக ஊட்டிக்கும் வயநாட்டுக்கும் செல்லும் இரு நெடுஞ்சாலைகளிலும் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை தனியார் வண்டிகளுக்குத் தடை. பகலிலும் வழியில் இறங்கக் கூடாது. குண்டலுப்பேட்டையில் இரவு தங்கிக் காலையில் கடப்பதே வழக்கம். ஊட்டி, கொடைக்கானல் இரண்டுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். கடற்கரையில் மணலுக்குள் ட்ரெய்லரை இறக்காதீர்கள். ஒருபுறம் கடலும் மறுபுறம் சௌபர்ணிகா ஆறுமாக மரவந்தேயில் 66ஆம் எண் நெடுஞ்சாலை ஓடும் இடத்தில் எல்லோருக்கும் அந்த ஆசை வரும். எங்களுக்கும் வந்தது, டிராக்டர்காரர் வந்து இழுத்தார். மகாராஷ்டிரமும் கேரளமும் 2021இலேயே கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கை அறிவித்திருப்பதால், அவ்விரு மாநிலங்களில் சுற்றுலாத் துறையின் பட்டியலைப் பார்த்துவிட்டுப் புறப்படுவது பயன் தரும்.

பருவத்தோடு நகர்தல்

ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குத் தொடர்ச்சி மலையையும் கொங்கணக் கரையையும் தவிர்த்து, மழை மறைவுப் பகுதியான சித்ரதுர்கா, ஹம்பி, பாதாமிப் பக்கம் இருங்கள், அல்லது வடக்கே லடாக்குக்குப் போங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழகக் கரையில் வடகிழக்குப் பருவமழையும் புயலும் உண்டு. அப்போது வடகர்நாடகமும் ராஜஸ்தானும் இனிமையாக இருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் கடற்கரை. ஏப்ரல், மே மாதங்களில் சிக்கமகளூரும் குடகும். மழைக்காலத்தில் மெத்தைக்கு அடியில் பூஞ்சை பிடிக்கும். கட்டிலின் பலகையில் துளைகள் போட்டு, வாரம் ஒருமுறை மெத்தையை நிமிர்த்தி வையுங்கள்.

முகவரியும் மருந்தும்

சக்கரத்தில் வாழ்ந்தாலும் வங்கி, வரி, கடவுச்சீட்டு, வாக்காளர் பட்டியல் எல்லாவற்றுக்கும் ஒரு நிலையான முகவரி தேவை. கடிதத்தைப் பிரித்துப் படித்துப் படம் அனுப்பக்கூடிய ஒரு நெருங்கிய உறவினரின் வீட்டு முகவரியை, அவர் சம்மதத்துடன், வீட்டைக் காலி செய்வதற்கு முன்பே ஆதாரில் மாற்றிவிடுங்கள். மருத்துவக் காப்பீடு நாடெங்கும் செல்லுபடியாக வேண்டும். மூன்று மாத மருந்து கையிருப்பில் இருக்க வேண்டும். வெவ்வேறு நிறுவனங்களின் இரண்டு சிம் கார்டுகள், முக்கியமான அலுவலக அழைப்பு உள்ள நாளில் பயணம் இல்லை என்ற விதி, ஆறு மாதச் செலவுக்கான தொகை தனிக் கணக்கில்: இவை இல்லாமல் வேலையையும் வண்டியையும் சேர்த்து இழுக்க முடியாது.

கிளம்பும் காலை

கடைசியாக, ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் மாறாத வரிசை ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். எங்கள் வரிசை எரிவாயு வால்விலிருந்து தொடங்குகிறது. பிறகு கூரைத் துளைகள், ஜன்னல், இழுப்பறைப் பூட்டு, ஃப்ரிட்ஜ் கதவு. வெளியே வந்தால் மூலைத் தாங்கிகள், கழிவுநீர்க் குழாய், மின்கம்பி. காரைப் பின்னால் எடுத்துக் கொக்கியை இறக்கி, பூட்டு விழுந்த சத்தத்தைக் கேட்டு, அப்போதும் நம்பாமல் முன்தாங்கியைச் சற்று உயர்த்தி, காரின் பின்புறம் சேர்ந்து எழுகிறதா என்று பார்க்க வேண்டும். எழுந்தால் பூட்டு பிடித்திருக்கிறது. சங்கிலிகள், பிரேக் கம்பி, விளக்குப் பிளக் மாட்டிய பிறகு ஒருவர் உள்ளே இருந்து இண்டிகேட்டர் போட, மற்றவர் பின்னால் நின்று இடம், வலம், பிரேக் என்று சொல்ல வேண்டும். முன்தாங்கியின் சிறு சக்கரத்தை முழுதாக மேலே ஏற்றிவிட்டோமா என்று இருவரும் தனித்தனியே பார்க்கிறோம். ஒருமுறை ஏற்ற மறந்து, தும்கூர் சாலையில் மூன்று கிலோமீட்டர் அதைத் தேய்த்துக்கொண்டே போய், பக்கத்தில் வந்த லாரிக்காரர் கையைக் காட்டிய பிறகுதான் தெரிந்தது. சக்கரத்துக்கு அண்டக் கொடுத்த கட்டைகளை எடுப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில். அவற்றை எடுத்து வைக்கும் இடம் காரில் என் மனைவியின் காலடி, ஏனென்றால் அங்கே கட்டைகள் இல்லாவிட்டால் வண்டி கிளம்பாது என்பது அவர் போட்ட விதி.